விமானியின் திசைகாட்டியும் நம் கைப்பேசியும்

ஆகாய விமானத்தில் ஏறி அமர்ந்ததும் கைப்பேசியை அணைத்துவிடும்படியோ, விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடும்படியோ பணிப்பெண்கள் கேட்டுக்கொள்வார்கள். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவர்களுக்கும் இது தெரிந்த செய்திதான். ஏன் என்று கேட்டால், "விமானக் கருவிகள் குழம்பிவிடும்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தக் கருவி, எப்படிக் குழம்பும் என்று மேலும் கேட்பவர்கள் குறைவு. அப்படிக் குழம்பக்கூடிய கருவிகளில் ஒன்று நம் பள்ளி ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருக்கிறது. நாம் எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்திருக்கும் காந்த ஊசிதான் அது! பெரிய விமானங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, இரண்டு பேரோ நான்கு பேரோ அமர்ந்து செல்லும் சிறிய விமானத்தில் அந்த ஊசி என்ன பாடுபடுகிறது என்பதை மட்டும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

சிறிய விமானங்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் செஸ்னா 172. 1955ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த இந்த நான்கு இருக்கை விமானம் இதுவரை 44,000க்கும் மேல் செய்யப்பட்டிருக்கிறது. உலகில் இவ்வளவு அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் வேறில்லை. அதன் உள்ளறையின் அகலம் சுமார் ஒரு மீட்டர்தான். நம் வகுப்பறை பெஞ்சில் இருவர் நெருங்கி உட்காருவது போலத்தான் விமானியும் அருகில் இருப்பவரும் உட்கார வேண்டும். முன் கண்ணாடியை ஒட்டி, விமானியின் கண்ணுக்கு நேராக ஒரு சிறிய கண்ணாடிக் கூடு இருக்கும். அதற்குள் மண்ணெண்ணெய் போன்ற தெளிந்த திரவம் நிறைந்திருக்கும். திரவத்தில் எண்கள் பொறித்த ஒரு வட்டத் தட்டு, அடியில் காந்தங்களுடன், ஒரு கூரான முனையின்மேல் நின்று சுழலும். வடக்கு 0 பாகை, கிழக்கு 90 பாகை, தெற்கு 180 பாகை, மேற்கு 270 பாகை. இடம் போதாது என்பதால் கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு 3, 6, 12 என்றே எழுதியிருப்பார்கள்.

இந்தக் கருவிக்கு மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம், பாட்டரி வேண்டாம். எஞ்சின் நின்றாலும், விளக்குகள் எல்லாம் அணைந்தாலும் இது வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் எத்தனையோ நவீனக் கருவிகள் வந்த பின்னும், பகல் நேரத்தில் கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானத்திலும் இது இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்க விமான விதிகள் கட்டாயப்படுத்துகின்றன.

இவ்வளவு உறுதியான கருவிக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. அது நம்பியிருக்கும் புவிக் காந்தப் புலம் மிக மெலிந்தது. பூமியின் மேற்பரப்பில் அதன் அளவு, இடத்திற்கேற்ப, ஏறக்குறைய 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரைதான். மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அலமாரிக் கதவு தானே திறந்துகொள்ளாமல் பிடித்துவைக்கும் சின்னக் காந்தத்தை ஊசியின் அருகே கொண்டுபோனால், ஊசி பூமியை மறந்துவிட்டுக் கதவுக் காந்தத்தின் பக்கம் திரும்பிவிடும். இது பூமியின் காந்தம், இது கதவின் காந்தம் என்று பிரித்தறிய ஊசிக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்து எந்தத் திசையில் இழுக்கின்றனவோ அந்தத் திசையில் நிற்கும். அதுவும் சிறிதும் தடுமாறாமல், சரியான வடக்கைக் காட்டும்போது நிற்பதைப் போலவே அமைதியாக நிற்கும். பழுதான கடிகாரம் நின்றுபோகும். பழுதான வானொலி இரையும். தவறு செய்யும் காந்த ஊசியோ எந்த அடையாளமும் காட்டாது.

விமானம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கப்பல் மாலுமிகள் இதை அனுபவித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் கரையைச் சுற்றி வந்து வரைபடம் எழுதிய மாத்தியூ பிளிண்டர்ஸ், தம் கப்பல் திரும்பும் திசைக்கேற்பத் திசைகாட்டி வெவ்வேறு அளவில் பிழைபடுவதைக் கவனித்தார். கப்பலிலிருந்த இரும்பே காரணம் என்றும் கண்டார். இது 1800களின் தொடக்கத்தில். பின்பு கப்பலையே இரும்பால் கட்டத் தொடங்கியபோது தொல்லை பன்மடங்காகிவிட்டது. 1838இல் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி, 'ரெயின்போ' என்ற இரும்புக் கப்பலில் சோதனைகள் செய்து, திசைகாட்டியின் அருகே காந்தங்களையும் தேனிரும்பையும் கணக்காக வைத்து, கப்பல் இரும்பின் இழுப்பைச் சரிக்கட்டும் வழியைக் காட்டினார். முள்ளை முள்ளால் எடுப்பது போன்ற வழி. இன்றைய விமானத் திசைகாட்டியினுள்ளும் இதற்காகச் சிறு காந்தங்கள் இருக்கின்றன.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1878இல் வெளியிட்ட ஒரு நாவலின் கதாநாயகன் டிக் சாண்ட், நம்மைப் போலவே பதினைந்து வயதினன். தலைவன் இறந்துபோன கப்பலை அவன் ஓட்டிச் செல்கிறான். தீயவனான சமையற்காரன் யாருக்கும் தெரியாமல் திசைகாட்டியின் அடியில் ஓர் இரும்புத் துண்டை வைத்துவிடுகிறான். தென் அமெரிக்காவுக்குப் போகவேண்டிய கப்பல் ஆப்பிரிக்காவில் போய்ச் சேர்கிறது! ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது திசைகாட்டி இல்லாதபடி அதையும் அவன் முன்பே உடைத்துவிடுகிறான் என்பதுதான் கதையில் எனக்குப் பிடித்த நுட்பம். ஒரே திசைகாட்டி பொய் சொன்னால், அது பொய் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்?

சமையற்காரன் வைத்த இரும்புத் துண்டை இன்று நாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு விமானத்தில் ஏறுகிறோம். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் நிலைக் காந்தம் இருக்கிறது. தலையில் மாட்டும் ஹெட்செட்டின் இரு பக்கங்களிலும் காந்தங்கள் இருக்கின்றன. 2011இல் வந்த 'ஐபேட் 2' முதல், மூடி தானாக ஒட்டிக்கொள்வதற்காகப் பலகைக் கணினிகளில் காந்தங்கள் வைத்தார்கள். 2020இல் வந்த 'ஐபோன் 12' முதல் அந்நிறுவனத்தின் பல கைப்பேசிகளின் முதுகில் வட்டமாக ஒரு காந்த வரிசையே இருக்கிறது. இவையெல்லாம் நியோடிமியம் சேர்ந்த, அளவில் சிறிய, ஆற்றலில் பெரிய காந்தங்கள். சிறிய விமானங்களின் ஓட்டிகளில் பலர் காகித வரைபடங்களுக்குப் பதிலாக இப்போது பலகைக் கணினியையோ கைப்பேசியையோதான் பார்த்துப் பறக்கிறார்கள். அதைக் கண்ணுக்கு நேராக, முன் கண்ணாடியருகே பொருத்திக்கொள்ளத்தானே மனம் வரும்? திசைகாட்டி இருப்பதும் அங்கேதான்.

இங்கே பெரும்பாலோர் கொண்டுள்ள ஒரு தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். "விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டேன், இனி அபாயமில்லை" என்கிறார்கள். அந்த நிலை வானொலி அலைகளை அனுப்புவதை மட்டுமே நிறுத்துகிறது. காந்தத்தை அது என்ன செய்யும்? கைப்பேசியை முற்றிலும் அணைத்தாலும், பாட்டரி தீர்ந்து செத்துக் கிடந்தாலும், அதிலுள்ள காந்தம் காந்தமாகவே இருக்கும். விமானியின் வானொலிக் கருவிகளுக்கு ஏற்படும் தொல்லை வேறு, திசைகாட்டிக்கு ஏற்படும் தொல்லை வேறு. முதலாவதற்குப் பொத்தான் மருந்து. இரண்டாவதற்குத் தூரம் ஒன்றே மருந்து.

மின்னோட்டத்துக்கும் பங்கில்லையா என்று பத்தாம் வகுப்புத் தோழியர் கேட்பார்கள். கோபன்ஹேகனில் 1820இல் ஓயர்ஸ்டெட் கண்டது நமக்குப் பாடமாயிற்றே! மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி திரும்புகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் பாயும் நீண்ட நேர்கம்பி, 5 சென்டிமீட்டர் தொலைவில் 4 மைக்ரோடெஸ்லா புலத்தை உண்டாக்கும். நம் ஊர்ப் பக்கம் ஊசியைத் திருப்பும் புவிப் புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஆகவே ஊசி அதிகமாகப் போனால் 6 பாகைக்குச் சற்றுக் குறைவாக விலகும். ஆனால் கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் வடத்தில் போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டியே இருக்கின்றன. ஒன்றின் புலத்தை மற்றது ஏறக்குறைய அழித்துவிடுகிறது. விமானத் திசைகாட்டியின் விளக்குக்குச் செல்லும் இரண்டு கம்பிகளைப் பின்னல்போல் முறுக்கிவைப்பது இதற்காகத்தான். எனவே வடத்தைவிடக் காந்தமே பெரிய குற்றவாளி.

இனித் தூரம் என்ற மருந்தைப் பார்ப்போம். ஒளியின் செறிவு தூரத்தின் இருமடிக்கேற்பக் குறையும் என்று படித்திருக்கிறோம். சிறு காந்தத்தின் புலமோ தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. தூரத்தை இரட்டித்தால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். நம் ஆய்வுக்கூடத்தின் விலகு காந்தமானியில், கைகளைக் கிழக்கு மேற்காக வைத்து இதைச் செய்துபார்க்கலாம். சட்டக் காந்தத்துக்குப் பதிலாக ஒரு ஹெட்போனையோ கைப்பேசியையோ வைத்துத் தள்ளிக்கொண்டே போனால் போதும். ஒரு பொருளின் புலம் 10 சென்டிமீட்டரில் புவிப் புலத்தின் கிடைத்தளக் கூற்றில் பாதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டேன்ஜன்ட் விதிப்படி ஊசி சுமார் 27 பாகை விலகும். அதே பொருளை 20 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் 4 பாகைகூட இராது. 40 சென்டிமீட்டரில் அரைப் பாகைக்கும் கீழே போய்விடும். ஒரு சாண் தூரத்தில் பேயாட்டம் ஆடும் பொருள் ஒரு முழத்துக்கு அப்பால் பசுவாகிவிடுகிறது.

நாம் இருக்கும் இடமும் இதில் சேர்கிறது. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், நம் பகுதியில் புவிப் புலம் ஏறக்குறைய முழுவதும் கிடையாக இருக்கிறது; ஊசியை அது உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. வடக்கே போகப் போகப் புலம் தரையை நோக்கிச் சரிகிறது. இங்கிலாந்தில் கிடைத்தளக் கூறு நம் ஊரில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். மேலே சொன்ன அதே பொருள் அங்கே 27 பாகைக்குப் பதிலாக 45 பாகை திருப்பிவிடும். கனடாவின் வடகோடியில் கிடைத்தளக் கூறு மிகவும் மெலிந்துவிடுவதால், அங்கே காந்த வடக்கையே விட்டுவிட்டு உண்மை வடக்கை வைத்துப் பறக்கிறார்கள்.

ஏரி காட்டிய வழியில் விமானத் திசைகாட்டியைச் சரிசெய்கிறார்கள் என்றேனே, அதையும் கூறிவிடுகிறேன். விமானத்தை இரும்பில்லாத ஓரிடத்திற்குக் கொண்டுபோய், எஞ்சினை ஓடவிட்டு, வட்டமாகத் திருப்பித் திருப்பி நிறுத்துவார்கள். ஒவ்வொரு நிலையிலும் ஊசி எவ்வளவு பிழைபடுகிறது என்று பார்த்து, காந்தமேறாத பித்தளைத் திருப்புளியால் உள்ளேயிருக்கும் சிறு காந்தங்களை நகர்த்துவார்கள். என்ன செய்தாலும் மீதியாகச் சிறிது பிழை நிற்கும். அதை ஒரு சிறு அட்டையில், 30 பாகைக்கு ஒன்றாவது இருக்கும்படி எழுதித் திசைகாட்டியின் கீழே ஒட்டிவிடுவார்கள். 90 பாகையில் போகவேண்டுமா, 92 என்று வைத்துக்கொள் என்பது போல அந்த அட்டை சொல்லும். விமானத்தின் மின்சாதனம் ஏதேனும் இயங்கும்போது 10 பாகைக்கு மேல் பிழை வருமானால், எது இயங்கினால் வரும் என்பதையும் எழுதியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. எவ்வளவு கவனமான ஏற்பாடு! ஆனால் அந்த அட்டைக்கு அது எழுதப்பட்ட நாளில் விமானத்தில் இருந்த பொருள்களை மட்டுமே தெரியும். இன்று காலை பயணி ஒருவர் கொண்டுவந்த கைப்பேசியை அதற்குத் தெரியாது.

ஊசி தவறினால் என்ன ஆகும்? விமானிகள் மனத்தில் வைத்திருக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு பாகை தவறினால் 60 கடல் மைல் போனபின் ஒரு கடல் மைல் விலகியிருப்போம். 12 பாகைப் பிழையோடு, மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் ஒன்றரை மணி நேரம் பறந்தால், சேரவேண்டிய இடத்திலிருந்து 30 கடல் மைல், அதாவது சுமார் 55 கிலோமீட்டர், தள்ளியிருப்போம். கீழே ஊரும் சாலையும் ரயில் பாதையும் இருந்தால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கீழே கடலாகவோ காடாகவோ இருந்து, மேலே மூட்டமும் இருந்து, எரிபொருளும் கணக்காக இருந்தால்? தேடுபவர்களும், விமானம் சென்றிருக்க வேண்டிய பாதையில்தானே முதலில் தேடுவார்கள்.

இதில் இரண்டு வஞ்சகங்கள் மறைந்திருக்கின்றன. கைப்பேசி விமானத்தோடு சேர்ந்து திரும்புகிறது. ஆகவே அதன் புலம் ஒரு திசையில் செல்லும்போது பூமியின் புலத்தோடு ஒரே கோட்டில் அமைந்து, ஊசியைச் சிறிதும் திருப்பாமல் இருக்கலாம். விமானம் 90 பாகை திரும்பியதும் அதே கைப்பேசி ஊசியை முழு அளவுக்கு இழுத்துவிடும். பிளிண்டர்ஸ் தம் கப்பலில் பார்த்த அதே விளையாட்டுத்தான். வடக்கே போகும்போது சரியாக இருந்தது என்பதால் கிழக்கே போகும்போதும் சரியாக இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

மற்றொன்று, விமானத்தில் இருக்கும் சுழல் திசைகாட்டியைப் பற்றியது. அது பம்பரம்போல் சுழலும் சக்கரத்தால் ஆனது. ஆடாமல் திசை காட்டுவதால் விமானி பெரும்பாலும் அதைத்தான் பார்ப்பார். ஆனால் அதற்கு வடக்கு எது என்று தெரியாது. மெல்ல மெல்ல நகர்ந்தும் போகும். அதனால் சுமார் 15 நிமிடத்திற்கு ஒருமுறை, விமானம் நேராகவும் மட்டமாகவும் செல்லும்போது, காந்தத் திசைகாட்டியைப் பார்த்து அதைத் திருத்தி வைக்கிறார்கள். காந்த ஊசியிடம் பிழை இருந்தால் அந்தப் பிழையையே சுழல் கருவிக்கும் கொடுத்துவிடுகிறோம். பிறகு இரண்டும் ஒன்றுபோல் காட்டும். பக்கத்துப் பெண்ணைப் பார்த்துக் கணக்கை எழுதியவளின் விடையும் ஒன்றுபோலத்தான் இருக்கும்!

செயற்கைக்கோள் வழி இடம் காட்டும் கருவிகள் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பழைய ஊசியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தெளிவான நாளில், எல்லாம் ஒழுங்காக இயங்கும்போது, ஊசி 20 பாகை தவறினாலும் ஒன்றும் ஆகாது என்பதே உண்மை. ஆனால் பலகைக் கணினி வெயிலில் சூடேறித் தானே அணைந்துவிடுவதுண்டு. பாட்டரி தீர்வதுண்டு. விமானத்தின் மின்சாரமே போய்விடுவதும் உண்டு. அந்த நேரத்தில்தான் விமானி ஊசியைத் தேடுவார். அப்போது, அணைந்துபோன அந்தப் பலகைக் கணினியின் காந்தமே ஊசியைத் திருப்பி வைத்திருந்தால் என்ன சொல்வது? உதவ வேண்டிய நேரத்தில் உதவாமல் போனதோடு, உதவ வந்தவனையும் அது தடுக்கிறது.

இதற்குச் சட்டமில்லையா என்றால், பாதிதான் இருக்கிறது. பயணிகள் தம்முடன் கொண்டுவரும் மின்னணுக் கருவிகளைப் பற்றிய அமெரிக்க விதி, விமான நிறுவனங்களின் விமானங்களுக்கும், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் முறையில் செல்லும் மற்ற விமானங்களுக்கும் பொருந்தும். கண்ணால் பார்த்துப் பறக்கும் சொந்தச் சிறு விமானத்துக்கு அது பொருந்தாது; அங்கே எல்லாம் விமானியின் பொறுப்பு. அந்த விதியிலும் காது கேட்கும் கருவி, இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி, குரல் பதிவுக் கருவி ஆகியவற்றோடு மின்சாரச் சவரக் கருவிக்கும் விலக்கு அளித்திருக்கிறார்கள். வானொலிக் கருவிகளைக் காப்பதே அந்த விதியின் நோக்கமாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சவரக் கருவியின் மோட்டாரைத் திசைகாட்டி அருகே வைத்துப் பார்த்திருந்தால் இவ்வளவு தாராளம் காட்டியிருப்பார்களா?

பெரிய விமானங்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அவற்றுக்குத் திசை சொல்லும் முக்கியக் கருவிகள் பயணிகளின் பைகளுக்கு எட்டாத வேறு இடங்களில் இருக்கின்றன. சிறிய விமானத்தில் ஓடிப்போக இடமில்லை.

ஆனால் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. விமான ஓடுபாதைகளின் முனையில் பெரிதாக எழுதியிருக்கும் எண்கள் காந்தத் திசையைக் குறிப்பவை. சென்னை விமான நிலையத்தில் ஒரு பாதையின் முனைகள் 07, 25. மற்றொன்றின் முனைகள் 12, 30. எண்ணின் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துக்கொண்டால் 70, 250, 120, 300 பாகைகள் கிடைக்கும். கிட்டத்தட்ட அந்தத் திசையில்தான் பாதை போகிறது. புறப்படுமுன் விமானத்தைப் பாதையின் நடுக்கோட்டில் நிறுத்தியதும், ஊசி அந்த எண்ணை ஒட்டிக் காட்டுகிறதா என்று விமானி ஒரு பார்வை பார்ப்பார். ஒரு திசையில் சரியாக இருந்தால் போதாது என்று முன்பே கண்டோம். அதனால் ஓடுபாதைக்கு வரும் வழியிலேயே, விமானம் வெவ்வேறு பக்கம் திரும்பி நிற்கும் நேரங்களில், கைப்பேசியை அதன் இடத்தில் ஒருமுறை வைத்தும், ஒருமுறை கையை நீட்டிப் பின்னால் எடுத்தும் ஊசியைக் கவனிக்க வேண்டும். ஊசி நகர்ந்தால் கைப்பேசி பின் இருக்கைப் பைக்குப் போகும். எந்தப் பக்கம் திரும்பியும் நகராவிட்டால் அங்கேயே இருக்கலாம்.